சேலம், ஏற்காடு பக்கம் மொத தடவையா சின்ன பிஸ்டல் வாங்கப் போறவங்களுக்கு

லைசென்ஸ் கைக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே போன் வரும். "அண்ணே, இருக்கறதுலயே சின்னதா எது அண்ணே, சட்டைக்குள்ள வெச்சா தெரியவே கூடாது." செவ்வாய்ப்பேட்டைல வெள்ளி யாவாரம் பண்ற பசங்க, ஏற்காட்டுல எஸ்டேட் பாத்துக்கற பசங்க, எல்லாரும் இதே கேள்விதான். நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், அது வெடிக்க வேண்டிய நேரத்துல வெடிக்குமா, வெடிக்கக்கூடாத நேரத்துல வெடிக்காம இருக்குமா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சப்பறம்தான் சைஸ் பத்திப் பேச்சு. எங்க அப்பா காலத்துல இருந்து வீட்டுல 12 போர் வேட்டைத் துப்பாக்கி இருக்கு (போர்னா குழலோட அளவு), நான் கைத்துப்பாக்கி வாங்கியே பல வருசம் ஆச்சு, அதுல நான் பட்டு கத்துக்கிட்டத வரிசையா எழுதறேன், புதுசா வர்றவங்க பொறுமையா படிங்க.

மொத ஸ்டெப், நெஜமாவே வேணுமான்னு உக்காந்து யோசிங்க. ஏற்காட்டுல நெறைய பேர் சொல்ற காரணம் காட்டெருமை. காப்பித் தோட்டத்துக்குள்ள வந்து நிக்குது, ஆளுங்க பயப்படறாங்க, அதனால ஒரு பிஸ்டல் இருந்தா தைரியம்னு. தயவுசெஞ்சு இந்த நெனப்ப இப்பவே விட்ருங்க. ஒரு நல்ல காட்டெருமை ஆயிரம் கிலோவத் தொடும், .32 பிஸ்டல் குண்டு வெறும் அஞ்சு கிராம் கூட இல்ல, பட்டா அதுக்குக் கோவம்தான் வரும். அதுக்கு மேல அது வனவிலங்கு சட்டத்துல மொத அட்டவணைல இருக்கற உசுரு, சுட்டீங்கன்னா ஜெயில். பன்னிக்கும் அப்படித்தான், நீங்களா சுட முடியாது. காட்டெருமைக்கு ஒதுங்கி நின்னு வழி விடறதுதான் மருந்து, எங்க தோட்டத்துல வேலை செய்யற மலையாளி ஆளுங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையோட பழங்குடி) காலங்காலமா அதத்தான் செய்யறாங்க, அவங்ககிட்ட கேளுங்க.

பணம், நகை, வெள்ளிக்கட்டி எடுத்துட்டுப் போறவங்க, ஏற்கனவே மெரட்டல் வந்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தவங்க, ஒத்தையா எஸ்டேட் பங்களாவுல இருக்கறவங்க, இவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. அப்பவும் கூலிய பேங்க் வழியா போட முடியுமா, ரெண்டு பேரா போக முடியுமா, தினம் ஒரே நேரத்துல ஒரே ரோட்டுல போறத மாத்த முடியுமான்னு மொதல்ல பாருங்க. அதையெல்லாம் செஞ்சப்பறமும் மிச்சம் இருக்கற ஆபத்துக்குத்தான் துப்பாக்கி.

அடுத்தது லைசென்ஸ். இதுல நான் ரொம்ப நேரம் நிக்கல, ஏன்னா ஆபீஸ்ல கேட்டாலே சொல்லுவாங்க. 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள், இந்த ரெண்டும்தான் அடிப்படை. வயசு 21 ஆயிருக்கணும். ஏ-1 ஃபாரம், இப்ப ஆன்லைன்லயே போடணும், அதோட அட்ரஸ் ப்ரூஃப், டாக்டர் சர்டிபிகேட், துப்பாக்கிய பத்திரமா வெச்சுக்கறதுக்கு எழுதிக் குடுக்கறது, பழகினதுக்கான டிரெய்னிங் சர்டிபிகேட் எல்லாம் கேப்பாங்க. சேலம் சிட்டி போலீஸ் எல்லைக்குள்ள இருந்தா கமிஷனர் ஆபீஸ், ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கம்னா கலெக்டர் ஆபீஸ். போலீஸ் வந்து விசாரிப்பாங்க. குடுக்கலன்னா காரணத்த எழுத்துல வாங்குங்க, அப்பீல் போக வழி இருக்கு. லைசென்ஸ் முன்ன மூணு வருசமா இருந்துச்சு, 2019 திருத்தத்துல அஞ்சு வருசமா ஆச்சு, அதே திருத்தத்துலதான் ஒருத்தருக்கு மூணு துப்பாக்கின்னு இருந்தது ரெண்டா கொறஞ்சுது. அதனால அப்பாவோட 12 போர் உங்க பேருக்கு மாறியிருந்தா இன்னும் ஒண்ணுக்குத்தான் எடம் இருக்கு, அந்த ஒண்ண யோசிச்சு வாங்கணும். அப்பா பேர்ல இருக்கறத வாரிசுக்கு மாத்தறதுக்கு அவர் காலமாகற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, அவருக்கு 70 வயசு ஆயிருந்தாலோ இல்ல 25 வருசம் வெச்சிருந்தாலோ உயிரோட இருக்கும்போதே மாத்தலாம்னு விதி இருக்கு, இது நெறைய எஸ்டேட் குடும்பத்துக்கே தெரியல.

லைசென்ஸ் வாங்கினதும் ஏரியா எதுன்னு எழுதியிருக்கறத படிங்க. தமிழ்நாடு மட்டும்னு போட்டிருந்தா ஓசூர் தாண்டி பெங்களூருக்குக் கொண்டு போகக் கூடாது. வெள்ளிக்காரங்க வாரத்துல ரெண்டு தடவ போறவங்க இருக்காங்க, அவங்க இத அப்ளிகேஷன் போடும்போதே காரணத்தோட கேட்டு எழுதி வாங்கிக்கணும்.

இப்ப சரக்கு விசயத்துக்கு வருவோம். எங்க அக்கா பையன் டல்லாஸ்ல இருக்கான். லீவுக்கு வந்தப்ப "மாமா, கிளாக் 43 வாங்குங்க, ரூகர் எல்சிபி வாங்குங்க, உள்ளங்கைல அடங்கும்"னு போன்ல படம் படமா காட்டுனான். அவன் ஊர்ல அது சரி. இங்க அந்த வீடியோவெல்லாம் பாத்து மனசுல ஆச வளத்துக்காதீங்க, ரெண்டு காரணம். ஒண்ணு, 9 எம்எம் நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்குத் தடை செஞ்ச போர், போலீசும் ராணுவமும் பயன்படுத்தற தோட்டாவ நமக்குக் குடுக்க மாட்டாங்க, .38-உம் அப்படித்தான். ரெண்டாவது, வெளிநாட்டுத் துப்பாக்கிய தனி ஆள் இறக்குமதி பண்ணிக்கறது 1980கள்லயே நின்னு போச்சு. அதனால நமக்குக் கையில் இருக்கறது நடைமுறைல .32, அப்பறம் .22. ஆனா அவன் சொன்னதுல ஒரு விசயம் எனக்குப் புடிச்சுது, அங்க ஒரு புது பிஸ்டல் வாங்கினா இடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி இரநூறு ரவுண்டாவது தடங்கல் இல்லாம ஓடுதான்னு சுட்டுப் பாப்பாங்களாம். அந்தப் பழக்கத்த மட்டும் எடுத்துக்குங்க.

இங்க ஒரு முக்கியமான எடம், புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற எடம். .32-ன்னு ரெண்டு தோட்டா இருக்கு. பிஸ்டலுக்குப் போறது .32 ஏசிபி, 7.65 எம்எம்னும் சொல்லுவாங்க, ஜான் பிரவுனிங் 1899 வாக்குல பெல்ஜியம் எஃப்என் கம்பெனிக்காக உண்டாக்குனது, குண்டு வழக்கமா 71 கிரெய்ன், அதாவது நாலரை கிராம் சொச்சம். ரிவால்வருக்குப் போறது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், அடியில பெரிய விளிம்பு இருக்கும், குண்டு 98 கிரெய்ன், ஆறு கிராமுக்கு மேல, கொஞ்சம் மெதுவாப் போகும். பேர் ஒண்ணு போல இருந்தாலும் ஒண்ண இன்னொண்ணுல போடவே கூடாது. லைசென்ஸ்ல பிஸ்டலா ரிவால்வரான்னு எழுதியிருக்கறதும், கடைல வாங்கற டப்பா மேல எழுதியிருக்கறதும், துப்பாக்கி பேரல் மேல எழுதியிருக்கறதும் மூணும் ஒத்துப்போகுதான்னு வாய்விட்டு படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

ரிவால்வரா பிஸ்டலா? இத பத்தி ரெண்டு ஆளு பேச ஆரம்பிச்சா அஸ்தம்பட்டில டீ குடிக்க ஆரம்பிச்சவங்க ஏற்காடு மேல போய் எறங்கற வரைக்கும் பேசுவாங்க, நான் என் கருத்த நேரா சொல்லிடறேன். மொத தடவ வாங்கறவங்க, மாசத்துக்கு ஒரு தடவ கூட ரேஞ்சுக்குப் போக முடியாதவங்க, ரிவால்வர் வாங்குங்க. காரணம் ரொம்ப சாதாரணம், ட்ரிகர அழுத்தி ஒரு தோட்டா வெடிக்கலன்னா மறுபடி அழுத்துனா அடுத்த தோட்டா வந்து நிக்கும், வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். பிஸ்டல்ல வெடிக்கலன்னா ஸ்லைட (மேல முன்னும் பின்னும் நகர்ற இரும்புப் பாகம்) இழுத்து அத வெளிய தள்ளி புதுச ஏத்தணும், பதட்டத்துல கை நடுங்கும்போது அது பழக்கம் இல்லாதவங்களுக்கு வராது. ரிவால்வர்ல சிலிண்டர (தோட்டா உக்காந்து சுத்தற உருளை) திறந்தா லோடு ஆயிருக்கா இல்லையான்னு ஒரு பார்வைல தெரிஞ்சுரும். பிஸ்டல்ல மேகசின (தோட்டா அடுக்கற பெட்டி) எடுத்துட்டா காலின்னு நெனச்சு, சேம்பர்ல (பேரல் அடில தோட்டா உக்கார்ற அறை) ஒண்ணு இருக்கறத மறந்து சுட்டுக்கிட்டவங்க உலகம் பூரா இருக்காங்க.

பிஸ்டலுக்கு உள்ள நல்லது என்னன்னா தட்டையா இருக்கும், இடுப்புல வெச்சா துருத்தாது, மேகசின் மாத்தறது சுலபம். அது வேணும்னா அதுக்கான உழைப்பையும் போடணும், அவ்வளவுதான்.

ரிவால்வர்ல நம்ம நாட்டுல கிடைக்கறது சில. அரசாங்க ஆயுத ஃபேக்டரி .32 ரிவால்வர் பழைய இங்கிலீஷ் வெப்லி ரிவால்வர் மாதிரி, நடுவுல மடங்கித் திறக்கும், ரொம்ப வருசமா வந்துட்டிருக்கு. 2014-ல நிர்பீக்னு ஒண்ணு கான்பூர்ல இருந்து வந்துச்சு, டைட்டானியம் கலவை, அரை கிலோ, பொம்பளைங்களுக்குன்னு சொல்லி விட்டாங்க, அப்பவே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல. 2023-ல பிரபல்னு ஒண்ணு, இது சிலிண்டர் பக்கவாட்டுல வெளிய வர்றது, எடை ஏறக்குறைய 700 கிராம், பேரல் 76 மில்லிமீட்டர். ஆயுத ஃபேக்டரிகள 2021 அக்டோபர்ல ஏழு கம்பெனியா பிரிச்சாங்க, துப்பாக்கி செய்யறது எல்லாம் கான்பூர்ல தலைமை இருக்கற ஒரு கம்பெனிக்குக் கீழ வந்துருச்சு, நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதுக்குக் கீழதான். .32 பிஸ்டல்ல அசனின்னு ஃபேக்டரி பிஸ்டல் இருக்கு. தனியார் கம்பெனிகளுக்கும் இப்ப செய்ய அனுமதி இருக்கறதால கடைல வேற பேரும் பாப்பீங்க. எது வாங்குனாலும் நான் கீழ சொல்ற சோதனைய அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கிக்கு செய்யணும், ஏன்னா ஒரே மாடல்ல ரெண்டு துப்பாக்கி ஒரே மாதிரி நடந்துக்கறது கிடையாது.

சின்னதுங்கற ஆசைக்கு இப்ப வரேன். துப்பாக்கி சின்னதாக ஆக மூணு விசயம் கெட்டுப் போகும். கைப்பிடி ரெண்டு வெரலுக்குத்தான் இருக்கும், சுண்டு வெரல் அந்தரத்துல தொங்கும், பிடி லூசாகும். லூசா புடிச்சா பிஸ்டல் பின்னாடி தள்ளற வேகம் உங்க மணிக்கட்டுலயே போயிரும், ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, அடுத்த தோட்டா மாட்டிக்கும், அப்பறம் துப்பாக்கி சரியில்லன்னு துப்பாக்கியத் திட்டுவோம். அடுத்தது, பேரலுக்கு மேல இருக்கற குறிக்கும் பின்னாடி குறிக்கும் தூரம் கொறையறதால பத்தடில கூட குறி தப்பும். மூணாவது ஸ்ப்ரிங். .32 பிஸ்டல்ல பெரும்பாலும் ஸ்லைடோட எடையும் ஸ்ப்ரிங்கும்தான் பின்தள்ளல அடக்குது, ஸ்லைடு சின்னதாக ஆக ஸ்ப்ரிங் கடினமாகும், அறுபது வயசு ஆளுக்கோ வெரல் வலி இருக்கறவங்களுக்கோ இழுக்கவே வராது. எங்க பெரியம்மா பங்களாவுல தனியா இருந்தாங்கன்னு அவங்களுக்கு ஒரு பிஸ்டல் பாக்கப் போனோம், குட்டியா அழகா இருந்துச்சு, ஆனா அவங்களால ஸ்லைட பாதி கூட இழுக்க முடியல. ரிவால்வர் எடுத்துக் குடுத்தோம், அதோட ட்ரிகரும் கெட்டிதான், ஆனா ரெண்டு கையால புடிச்சு ரெண்டு வெரலால அழுத்திப் பழகிட்டாங்க. அதனால ஒரு கணக்கு, உங்க மூணு வெரலும் கைப்பிடில முழுசா உக்காரணும், அதுக்குக் கீழ சைஸ் கொறைக்காதீங்க.

பழைய வெளிநாட்டு சரக்கு பத்தி எழுதாம விட மனசு கேக்கல. வால்தர் பிபிகே, பிரவுனிங் 1910, கோல்ட் 1903, இந்தப் பேரெல்லாம் கேட்டா ஆசையா இருக்கும், இறக்குமதி நின்னதால வெல பல லட்சம். நல்லா பாத்து வெச்சிருந்தா இன்னிக்கும் சும்மா கடிகாரம் மாதிரி ஓடும், அது உண்மை. ஆனா நான் மொதல்ல வாங்குனது அந்த மாதிரி ஒரு பழைய வெளிநாட்டு பிஸ்டல்தான், பேர் வேண்டாம், கையில கைமாறி வந்தது, பளபளன்னு புது நீலப் பூச்சு. ரேஞ்சுல மொத மேகசின் நல்லா போச்சு. ரெண்டாவதுல மூணாவது தோட்டா முகட்டுல முட்டி நின்னுச்சு. எடுத்துட்டு மறுபடி, மறுபடியும் அதே. அன்னிக்கு முப்பது ரவுண்டுல ஆறு தடவ நின்னுச்சு. மேகசின் உதடு விரிஞ்சு போயிருந்துச்சு, ஒரிஜினல் மேகசின் எங்கயும் கிடைக்கல, ஒருத்தர் தட்டி சரிபண்ணித் தரேன்னு சொல்லி இன்னும் மோசமாச்சு. எட்டு மாசம் அத இடுப்புல கட்டிட்டு கூலிப் பணம் எடுத்துட்டு இருபது ஹேர்பின் வளைவும் ஏறியிருக்கேன், டெஸ்ட் பண்ணாமலே. அத நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. அதனால பழசு வாங்கறீங்கன்னா உதிரி மேகசின் ரெண்டாவது இருக்கா, ஸ்ப்ரிங் கிடைக்குமா, ரிப்பேர் செய்யத் தெரிஞ்ச ஆள் இருக்காரான்னு பாத்துட்டு வாங்குங்க. இன்னொண்ணு, பழைய துப்பாக்கி நெறையதுல கீழ விழுந்தா வெடிக்காம தடுக்கற பாகம் கிடையாது. அத சேம்பர்ல தோட்டா ஏத்தி வெச்சுட்டு நடக்கவே கூடாது. பழைய ரிவால்வர்னா ஹேமருக்கு (பின்னாடி தட்டற சுத்தி) நேரா இருக்கற அறைய காலியா விடுங்க.

கடைல என்ன பாக்கணும்? மொதல்ல நீங்களே காலி பண்ணிப் பாருங்க, கடைக்காரர் காலின்னு சொன்னாலும் நீங்க ஒரு தடவ பாருங்க, சேம்பர்ல வெரல விட்டுப் பாருங்க. சீரியல் நம்பர பில்லுலயும் லைசென்ஸ் புக்குலயும் எழுதப் போறாங்க, ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, ஒரு எழுத்து மாறிருச்சுன்னா பின்னாடி ரினிவல்ல படாதபாடு படணும். பேரலுக்குள்ள வெளிச்சம் விட்டுப் பாருங்க, சுருள் கோடு கூர்மையா தெரியணும், நடுவுல வளையம் மாதிரி வீக்கம் தெரிஞ்சா வேண்டாம். ரிவால்வர்னா ட்ரிகர மெதுவா இழுத்துப் புடிச்சுக்கிட்டு சிலிண்டர ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது, ஒவ்வொரு அறைக்கும் இதச் செய்யணும், ஒரு அறை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னா கூட குண்டு ஈயம் தெறிக்கும். ஹேமர இழுத்து வெச்சுட்டு கட்டை வெரலால முன்னாடி தள்ளுங்க, தானா விழுந்தா வைங்க கீழ. பிஸ்டல்னா மேகசின போட்டு எடுத்து பாருங்க, பட்டன அழுத்தாம கழண்டு விழக் கூடாது. சேஃப்டி போட்டுட்டு ட்ரிகர் இழுத்துப் பாருங்க, ட்ரிகர்ல இருந்து வெரல எடுத்துட்டு அப்பறம் சேஃப்டி எடுங்க, எடுக்கும்போது ஹேமர் விழுந்தா அந்தத் துப்பாக்கி ஆபத்து. இதெல்லாம் டம்மி தோட்டா வெச்சு செய்யணும், டம்மி தோட்டா இல்லன்னு சொன்னா இன்னொரு நாள் வரேன்னு கெளம்பிருங்க. லட்ச ரூபா குடுக்கறோம், கூச்சப்படக் கூடாது.

வாங்குனதும் இடுப்புல வெக்காதீங்க. தொடச்சு, கழட்டி, ஃபேக்டரி கிரீஸ எடுத்து, மெல்லிசா எண்ணெய் போட்டு ரைபிள் கிளப்புக்குக் கொண்டு போங்க. லைசென்ஸ் புக்குல ஒரு நேரத்துல எத்தன தோட்டா வெச்சுக்கலாம், வருசத்துக்கு எத்தன வாங்கலாம்னு ரெண்டு கணக்கு இருக்கும், அதுக்குள்ளதான் நாம பழகணும், அமெரிக்காக்காரன் மாதிரி இரநூறு முந்நூறு சுட்டுத் தள்ள முடியாது. நான் செய்யறது இது, மொத அம்பது ரவுண்டு ரெண்டு நாளாப் பிரிச்சு, இங்க கிடைக்கற கேஎஃப் முத்திரை தோட்டாவுலதான், அதான் கட்கி ஃபேக்டரி, ஏன்னா நாளைக்கு ஆபத்துல உள்ள இருக்கப் போறது அதுதான். ஒவ்வொரு மேகசினுக்கும் பெயிண்டால 1, 2-ன்னு குறி போட்டு, எது எப்ப நின்னுச்சுன்னு நோட்ல எழுதணும். ஒரே மேகசின்ல நின்னா மேகசின் கோளாறு, ரெண்டுலயும் நின்னா துப்பாக்கி இல்லன்னா உங்க பிடி. உங்க பிடியான்னு தெரிஞ்சுக்க கிளப்புல பழகுன ஒருத்தர சுடச் சொல்லிப் பாருங்க. .32 ஏசிபி தோட்டாவுக்கு அடில லேசா ஒரு விளிம்பு இருக்கு, மேகசின்ல அடுக்கும்போது மேல இருக்கற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கறதுக்கு முன்னால இருக்கணும், பின்னால சிக்கிக்கிட்டா அந்த மேகசின் பூட்டு போட்ட மாதிரி நின்னுரும், வெளிய இருந்து எவ்வளவு தட்டுனாலும் வராது. பாதி சிக்கலுக்குக் காரணமே இந்த அவசர அடுக்கல்தான். கடைசி இருபத்தஞ்சு ரவுண்டு ஒரு தடவ கூட நிக்காம போச்சுன்னாதான் நான் இடுப்புல கட்டுவேன், நடுவுல நின்னா காரணத்தக் கண்டுபிடிச்சு சரிபண்ணி மறுபடி மொதல்ல இருந்து.

மிச்ச நாள்ல பழக ஒரு நல்ல வழி, ஏர் பிஸ்டல். .177 போர், சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் தேவையில்ல. வீட்டுப் பின்னாடி சுவத்துக்கு மண் மூட்டை அடுக்கி தினம் இருபது சுட்டீங்கன்னா ட்ரிகர் வெரல் தானா பழகும்.

இனி எடுத்துட்டுப் போறது. நம்ம விதிப்படி பொது எடத்துல கைத்துப்பாக்கிய உறைக்குள்ள, உடம்போட இணைச்சு, முழுசா மூடித்தான் கொண்டு போகணும், உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். வெளிய தெரியற மாதிரி இடுப்புல சொருகிட்டு கல்யாணத்துக்குப் போறது கெத்து கிடையாது, விதிமீறல். கல்யாணத்துல வானத்தப் பாத்து சுட்டா 2019-ல இருந்து ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே.

அமெரிக்க வீடியோல எல்லாம் ஜீன்ஸ்க்குள்ள வெக்கறது காட்டுவாங்க, நம்மாளு பாதி பேர் வேட்டி. வேட்டி மடிப்புல சொருகறது, மடில கட்டறது, இது கூடவே கூடாது, வேட்டி அவிழ்ந்தா துப்பாக்கி ரோட்டுல, ட்ரிகர்ல துணி மாட்டுனா தொடைல. வேட்டிக்காரங்க நம்ம ஊர் பச்சை பெல்ட் கட்டுவாங்க, பணம் வெக்க பை இருக்கும், அந்தப் பைக்குள்ளயும் போடாதீங்க, ட்ரிகர் மூடாது, சில்லறையும் சாவியும் கூட கெடக்கும். வேட்டிக்கு மேல, சட்டைக்குக் கீழ, அகலமான கெட்டித் தோல் பெல்ட் தனியா கட்டி அதுல உறை போடுங்க. உறை ட்ரிகர் வளையத்த முழுசா மூடணும், உங்க துப்பாக்கிக்குன்னே அளவெடுத்து செஞ்சதா இருக்கணும், சேலத்துல நல்ல தோல் தைக்கறவங்க இருக்காங்க, காலித் துப்பாக்கிய நீங்களே கூட இருந்து அளவு குடுங்க, விட்டுட்டு வரக் கூடாது. வந்ததும் காலித் துப்பாக்கிய உறைல போட்டு மெத்தை மேல தலைகீழா ஆட்டுங்க, விழுந்தா திருப்பிக் குடுங்க. அப்பறம் அத கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள ஒரு நாள் பூரா இருங்க, குனிஞ்சு நிமிந்து, கார்ல ஏறி எறங்கி, சீட் பெல்ட் போட்டு. வளைவு ரோட்டுல உடம்பு சாயும்போது சீட் பெல்ட் பக்கிள் கைப்பிடில இடிக்கும், அதுக்கு ஏத்த மாதிரி எடத்த மாத்துங்க. கட்டுன பிறகு தொடவே தொடாதீங்க. சும்மா சும்மா தடவிப் பாக்கறவங்கள பாத்தாலே தெரிஞ்சுரும் என்ன இருக்குன்னு.

கார் டாஷ்போர்டுல வெச்சுட்டு ஏற்காடு ஒண்டிக்கடைல டீ குடிக்க எறங்கறது வேண்டாம். ஒரு பெக் போடறதா இருந்தா அன்னிக்கு துப்பாக்கி வீட்டு லாக்கர்ல. ஃப்ளைட்ல கேபின்ல கொண்டு போக முடியாது, கோர்ட்டு மாதிரி எடத்துக்குப் போற நாள்லயும் வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க.

பராமரிப்பு ஊருக்கு ஊர் மாறும். சேலம் வெயில்ல வேர்வைதான் எதிரி, இடுப்பு வேர்வை உப்பு ரெண்டே நாள்ல செம்புள்ளி வைக்கும், ராத்திரி கழட்டுனதும் துணியால தொடச்சு எண்ணெய் கை போடணும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்துல மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வரும், பீரோல வெச்ச செருப்பு கூட பூஞ்சை புடிக்கும். அங்க தோல் உறைக்குள்ள துப்பாக்கிய வெச்சு தூங்கப் போனீங்கன்னா தோல் ஈரத்த உறிஞ்சு இரும்புக்குக் குடுக்கும், துரு அந்த உறை படற எடத்துல மட்டும் அச்சு மாதிரி வரும். உறை தனி, துப்பாக்கி தனி, லாக்கர்ல ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பை, மாசம் ஒரு தடவ அத மாத்திப் போடுங்க. தோட்டா மேல எண்ணெய் படவே கூடாது, எண்ணெய் தோட்டா அடில வெடிய கிளப்பற ப்ரைமருக்குள்ள எறங்குனா வெடிக்காம போகலாம். வருசா வருசம் பழைய தோட்டாவ ரேஞ்சுல சுட்டுத் தீத்துட்டு புதுசு வாங்குங்க.

வீட்டுல புள்ளைங்க இருந்தா துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா இன்னொரு பூட்டுல, சாவி உங்க உடம்புல. பீரோ மேல, தலகாணிக்குக் கீழ, சாமி ரூம்ல, இந்த எடமெல்லாம் புள்ளைங்களுக்கு நம்மள விட நல்லாத் தெரியும். ஆயுத பூசைக்கு சந்தனம் குங்குமம் வெக்கறவங்க காலி பண்ணிட்டு வைங்க, பூசை முடிஞ்சதும் தொடச்சுருங்க, ஈரச் சந்தனம் பூச்சத் திங்கும்.

எப்ப எடுக்கலாம்ங்கறது பாரதிய நியாய சன்ஹிதால 34-ல இருந்து 44 வரைக்கும் இருக்கு, முன்ன ஐபிசி 96-ல இருந்து 106. உசுருக்கோ படுகாயத்துக்கோ நெஜமான ஆபத்து அந்த நிமிசம் இருக்கணும், தேவைக்கு மேல போகக் கூடாது. பையப் புடுங்கிட்டு ஓடறவன் முதுகுல சுட்டா அது தற்காப்பு ஆகாது. ஓட வழி இருந்தா ஓடுங்க, பணம் போனா போகட்டும். ஒரு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து இத மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, துப்பாக்கி வெலைல அந்த ஃபீஸ் ஒண்ணுமே இல்ல.

எலக்சன் வந்தா ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணச் சொல்லுவாங்க. கொண்டு போறதுக்கு முன்னாடி நல்லா கனமா எண்ணெய் போட்டு, தோல் உறை இல்லாம, மெழுகுத் துணில சுத்திக் குடுங்க, ரெண்டு மூணு மாசம் அங்க கெடக்கும். ரசீதுல மாடல், சீரியல் நம்பர், மேகசின் எத்தன, தோட்டா எத்தனன்னு எழுதி வாங்குங்க. திரும்ப வாங்குன அன்னிக்கு நேரா இடுப்புக்கு வேண்டாம், கழட்டித் தொடச்சு, கிளப்புல ஒரு பத்து ரவுண்டு சுட்டுப் பாத்துட்டு அப்பறம் கட்டுங்க.